மூன்று பிரதி இருந்தும் அழியும் அஞ்சல்

திருவண்ணாமலையின் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில், பெரிய கோயிலுக்கு மறுபுறமாக அமைந்த அடி அண்ணாமலையில், வீட்டின் இரண்டு மூன்று அறைகளை யாத்திரிகர்களுக்கு வாடகைக்கு விட்டு ஜீவனம் நடத்தும் குடும்பங்கள் உண்டு. கார்த்திகை தீபத்துக்கு வரும் வெளியூர் அன்பரும், மார்கழி தொட்டு மாதக்கணக்கில் தங்கும் வெளிநாட்டு அன்பரும் தெரிவிக்கும் தேதிகள், முன்பணம் செலுத்தியதற்கான அத்தாட்சி, பாஸ்போர்ட், விசா ஆகியவற்றின் பிரதிகள் யாவும் பெரும்பாலும் மின்னஞ்சல் பெட்டியிலேயே வந்து சேர்கின்றன. அந்தப் பெட்டி ஒருநாள் திறக்க மறுத்தால், அல்லது திறந்தும் சில மாதக் கடிதங்கள் மாயமாயிருந்தால், யாரிடம் எதைக் கேட்பது, எதைச் செய்யாதிருப்பது என்பவற்றை முன்கூட்டியே அறிந்திருப்பது நலம்.

அஞ்சல் எங்கே தங்குகிறது?

நம் கடிதங்கள் ஒரே யந்திரத்தின் ஒரே வட்டில் கிடக்கின்றன என்று எண்ணுவது பழைய காலத்து அபிப்பிராயம். பெரிய நிறுவனங்கள் பல யந்திரங்களில் கோப்புகளைப் பங்கிட்டு, ஒவ்வொரு பகுதிக்கும் பல பிரதிகள் வைக்கின்றன. கூகுள் 2003-இல் வெளியிட்ட ஆய்வுரையில் விவரிக்கப்பட்ட கோப்பு முறை, தரவை 64 எம்பி துண்டுகளாக்கி, ஒவ்வொன்றையும் வழக்கமாக மூன்று இடங்களில் வைத்தது. இன்று செஃப், குளஸ்டர் போன்ற இலவச மென்பொருள்களைக் கொண்டு சிறு நிறுவனங்களும் இம்முறையைக் கைக்கொள்ள இயலும். ஒரு வட்டு பழுதுபட்டால் மற்றவை கைகொடுக்கும் என்பது இதன் நன்மை.

ஆயினும் இந்தப் பிரதிகளைக் காப்பு நகல் என்று மயங்குதல் கூடாது. கணக்கர் ஒருவர் சொல்லச் சொல்ல மூவர் மூன்று ஏடுகளில் எழுதுவதாகக் கொண்டால், ஓர் ஏடு கரையானுக்கு இரையாயினும் மற்ற இரண்டும் நிலைக்கும்; ஆனால் அக்கணக்கரே "இவ்வரியை அடி" என்று தவறாகச் சொல்லிவிட்டால், மூவரும் ஒருமிக்க அடித்துவிடுவார்கள். 2011 பிப்ரவரி 27 அன்று ஜிமெயிலில் நிகழ்ந்தது இவ்வகையான விபரீதமே. சேமிப்பு மென்பொருளைப் புதுப்பித்தபோது நுழைந்த ஒரு பிழையால், பயனர்களில் சுமார் 0.02 விழுக்காட்டினரின் பெட்டிகள் வெறுமையாகக் காட்சியளித்தன. வெவ்வேறு தரவு மையங்களில் பிரதிகள் இருந்தும் அவை உதவவில்லை. வலையமைப்போடு தொடர்பின்றித் தனியே வைக்கப்பட்டிருந்த காந்த நாடாக்களிலிருந்தே அஞ்சல்கள் மீட்கப்பட்டன.

பழுதின் வகைகள்

முதலாவது, இடமின்மை. அனுப்பியவருக்குத் திரும்பிவரும் அறிவிப்பில் 4.2.2 என்ற எண் காணப்பட்டால் பெட்டி நிரம்பியதால் ஏற்பட்ட தற்காலிகத் தடை என்றும், 5.2.2 என்றிருந்தால் கடிதம் அறவே மறுக்கப்பட்டது என்றும் பொருள். கூகுளின் இலவசக் கணக்கில் அஞ்சல், கோப்பு, புகைப்படம் மூன்றுக்கும் சேர்த்தே 15 ஜிபி. ஆகவே புகைப்படங்கள் பெருகினாலும் கடிதம் நின்றுபோகும். இரண்டாண்டுகள் பயன்படுத்தப்படாத தனிநபர் கணக்குகளை 2023 டிசம்பர் முதல் அந்நிறுவனம் நீக்கியும் வருகிறது.

இரண்டாவது, சொந்த அஞ்சல் சர்வர் நடத்தும் கல்லூரிக்கும் அறக்கட்டளைக்கும் நேரும் விசித்திரமான சங்கடம். ஒவ்வொரு கடிதத்தையும் தனித்தனிக் கோப்பாக வைக்கும் முறையில், வட்டில் இடம் மீதமிருந்தாலும், அது ஏற்கக்கூடிய கோப்புகளின் எண்ணிக்கை தீர்ந்துவிட்டால், "இடமில்லை" என்ற அறிவிப்பே வரும். ஜிபியை மட்டும் பார்த்துவிட்டுக் குழம்பும் நிர்வாகி, எண்ணிக்கையையும் பார்க்கவேண்டும்.

மூன்றாவதே மிக அபாயகரமானது. யந்திரங்களுக்கிடையே இணைப்பு அறுந்த வேளையில், ஒரே பெட்டியின் இரு பிரதிகள் வெவ்வேறு விதமாக மாறி, தானே மெய்யென்று ஒவ்வொன்றும் சாதிக்கும். இரண்டு சர்வர்கள் ஒரே அட்டவணைக் கோப்பில் ஏககாலத்தில் எழுத நேர்ந்தாலும் அட்டவணை சிதையும். கடிதம் உள்ளே இருந்தும் கண்ணுக்குப் புலப்படாது. இத்தருணத்தில் பழுதுபார்க்கும் கட்டளையை அவசரமாக ஏவுவதும், ஒரு பிரதியைக் கையால் அழிப்பதும் நல்ல பிரதியையே பலிகொடுத்துவிடக்கூடும். புதிய கடிதம் எழுதப்படுவதை நிறுத்தி, உள்ளதை உள்ளபடி வேறு வட்டில் நகலெடுத்து, அதன்பின் பழுதைத் தொடுவதே கிரமம்.

உரிமைகளும் பரிகாரங்களும்

2021-ஆம் ஆண்டின் இடைநிலையாளர் விதிகளின்படி, நம் பொருட்டுச் செய்திகளைச் சேமிக்கும் நிறுவனம் ஒரு குறைதீர் அலுவலரை நியமித்திருக்கவேண்டும். அவர் புகாரை 24 மணி நேரத்தில் ஏற்றுக்கொண்டு, பொதுவாக 7 நாட்களுக்குள் தீர்வு கூறவேண்டும். அத்தீர்வு திருப்தியளிக்காவிடில், 30 நாட்களுக்குள் மத்திய அரசு அமைத்துள்ள மேல்முறையீட்டுக் குழுவை இணையம் வழியாக அணுகலாம்.

2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவு திருடப்படுவதை மட்டுமின்றி, அதை அணுகமுடியாமற் போவதையும் அழிவதையும்கூடத் தரவு மீறல் என்றே வரையறுக்கிறது. தக்க பாதுகாப்புச் செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு. இறப்புக்கோ இயலாமைக்கோ பின் தம் உரிமைகளைச் செலுத்த ஒருவரை நியமிக்கும் வசதியும் அதில் உண்டு. 2025 நவம்பரில் வெளியான விதிகளின்படி, முக்கியமான கடமைகள் 18 மாதங்கள் கழித்தே நடைமுறைக்கு வரும். அபராதத் தொகை அரசு நிதியில் சேருமேயன்றி, இழந்தவர் கைக்கு வராது.

நஷ்டஈட்டுக்கு வேறு வழிகள் உள. கட்டணம் செலுத்திப் பெற்ற சேவையில் குறைபாடு இருப்பின், இரண்டாண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்கிடலாம். 1915 என்ற எண்ணில் முதற்கட்ட ஆலோசனை கிடைக்கும். வணிக நோக்கத்துக்காக வாங்கிய சேவைக்கு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பொருந்தாது; சுயதொழிலால் பிழைப்பவருக்கான விலக்கு சேவைக்கும் பொருந்துமா என்பதை, இரண்டு அறை வைத்து வாழ்பவர் முன்னரே கேட்டறிவது நலம். இலவசச் சேவைக்கு இவ்வழி திறவாது. மனமறிந்து ஒருவர் பெட்டியை அழித்திருந்தால், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஆம் பிரிவின்கீழ், 5 கோடி ரூபாய் வரையிலான கோரிக்கைகளை விசாரிக்கும் தீர்ப்பு அதிகாரியாகிய மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலரிடம் முறையிடலாம். குற்ற நடவடிக்கைக்குச் சைபர் காவல் நிலையம் உண்டு.

அன்பர்களின் பாஸ்போர்ட் பிரதியை வாங்கி வைப்பவர், தாமும் பிறர் தரவைக் காக்கக் கடமைப்பட்டவர் என்பதை மறத்தலாகாது. தேவை தீர்ந்தபின் அவற்றைப் பெட்டியிலிருந்து நீக்குவது, சட்டத்துக்கும் நல்லது, இடத்துக்கும் நல்லது.

ஆகவே, சேவை தருபவரிடம் இரண்டு வினாக்களை எழுத்து மூலம் கேட்டு, பதிலையும் எழுத்து மூலமே பெறுக: பிரதிகளன்றித் தனியான காப்பு நகல் உண்டா? அதிலிருந்து ஒரு பெட்டியைக் கடைசியாக எப்பொழுது மீட்டுப் பார்த்தீர்கள்? தம்மளவில், மாதம் ஒருமுறை கடிதங்களைச் சொந்த வட்டில் இறக்கிவைத்து, திரும்பி வந்த அறிவிப்புகளை அழிக்காது பத்திரப்படுத்துக. 2024 ஜூலை முதல் அமலிலுள்ள சாட்சியச் சட்டம் மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழ் கோருவதால், வெறும் திரைப்பிடிப்பைவிட மூலக் கடிதமே வலுவுள்ளது. அந்த இரண்டு வினாக்களுக்குப் பெற்ற பதிலும் இம்மூலக் கடிதங்களும் கையிலிருந்தால், ஆணையத்தின் முன் நிற்பவர் வாய்ச்சொல்லை நம்பி வாதாடவேண்டிய நிலை நேராது.