சுருள்வாள்: சுத்த ஆரம்பிச்சா ஏன் சட்டுனு நிறுத்த முடியாது?

மதுரை, மேலூர், திருவாதவூர் பக்கம் திருவிழாவில் சிலம்பம் பார்த்து வளர்ந்தவர்களுக்குக் கம்பு புதுசில்லை. சுருள்வாள் கதையே வேற. பெல்ட் மாதிரி இடுப்பில் சுற்றிக்கொள்ளும் அளவுக்கு வளையும் மெல்லிய எஃகுத் தகடு அது. கேரளத்தில் உறுமி என்பார்கள்.

கம்பைப் பாதியில் நிறுத்தலாம். தப்பு செய்தால் ஒரு அடியோடு போகும். இது அப்படியில்லை. கை தயங்கின நொடியில், வேகம் இழந்த நுனி சுற்றுகிறவர் பக்கமே திரும்பும். எதிராளிக்கு முன்னால் ஆபத்து, பிடித்திருப்பவருக்குத்தான்! அதனால்தான் சிலம்பத்திலும் களரியிலும் இது கடைசிப் பாடம். சில ஆசான்கள் முதலில் துணியைக் கொடுத்துத்தான் சுற்றச் சொல்வார்கள். மூணு மாசத்தில் எல்லாம் கத்துக்கணும்னு வருகிறவர்களுக்கு இது கடுப்பாகத்தான் இருக்கும்.

வடகரை மீனாட்சி அம்மா களரியில் இறங்கியது 7 வயதில். 2017-ல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டபோது அவருக்கு வயது 70-ஐத் தாண்டியிருந்தது; அப்போதும் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தார்.

பயத்தில் கைப்பிடியை இறுக்கினால் மணிக்கட்டு விறைக்கும், தாளம் போகும். கால், இடுப்பு, மணிக்கட்டு மூன்றும் சேர்ந்தே நகரணும். நிறுத்துவதற்கும் தனிப் பயிற்சி வேண்டும்: சுற்றிக்கொண்டே வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கணும்.