கூரையை நாலு மில்லிமீட்டர் இறக்குவது

பிளாஸ்டிக் கார் மாடல் கட்டுகிறவர்களில் பலர் பெட்டியில் வந்ததை அப்படியே ஒட்டி, பெயிண்ட் அடித்து, அலமாரியில் வைத்துவிடுவார்கள். அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் நல்ல பாடியை ரம்பம் வைத்து அறுக்கிற ஒரு கூட்டமும் உண்டு. நான் அந்தக் கூட்டம்.

அறுப்பதற்கென்றே பிறந்த வண்டி 1949 மெர்குரி. லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் லின்வுட்டில் பட்டறை வைத்திருந்த ஜார்ஜ் பாரிஸும் சாம் பாரிஸும் 1950களின் தொடக்கத்தில் இந்தச் சாதி வண்டிகளின் கூரையை இறக்கியே பேர் வாங்கினார்கள். பாப் ஹிரோஹாட்டாவுக்கு அவர்கள் செய்து கொடுத்த 1951 மெர்குரியை இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அறுத்த இடங்களை ஈயம் உருக்கி இழைத்ததால் இவற்றுக்கு 'லெட் ஸ்லெட்' என்று செல்லப்பெயர்.

நம் கையில் இருப்பது ஏஎம்டி நிறுவனத்தின் பெட்டியில் வரும் 1/25 அளவு மெர்குரி. கணக்கு சுலபம்: நிஜத்தில் ஒரு அங்குலம், இங்கே ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். நாலு அங்குலம் இறக்க நாலு மில்லிமீட்டர் அறுத்தால் போதும். மாஸ்கிங் டேப் ஒட்டிக் கோடு பிடித்து, மெல்லிய பல் ரம்பத்தால் அறுத்துவிடலாம். வினையே அதற்குப் பிறகுதான்.

குடித்து முடித்த ஒரு டீ கிளாஸைக் கவிழ்த்து வையுங்கள். கீழே அகலம், மேலே குறுகல். நடுவில் ஒரு வளையத்தை அறுத்தெடுத்துவிட்டு மேல்துண்டை இறக்கினால் என்ன ஆகும்? விளிம்போடு விளிம்பு சேராது, உள்ளே விழும். காரின் தூண்களும் அப்படித்தான் உள்நோக்கிச் சாய்ந்திருக்கின்றன. அதனால் கூரையைக் குறுக்கே இன்னொரு முறை அறுத்து, இடையில் ஸ்டைரீன் தகடு வைத்து நீட்ட வேண்டும். பின்கண்ணாடிச் சட்டத்தை மட்டும் தனியே பிரித்து, உயரம் குறைக்காமல் முன்பக்கமாகப் படுக்கவைப்பேன். முதுகுக்கு அந்த வழுக்கல் அதில்தான் வரும். நேராக அறுத்து இறக்கிய மெர்குரி தொப்பி அமுங்கிய ஆள் மாதிரி இருக்கும்.

ஒட்டுவதற்குத் தண்ணீர் மாதிரி இருக்கும் மாடல் சிமெண்ட். உண்மையில் அது ஒட்டுவதில்லை. இரண்டு பக்கத்துப் பிளாஸ்டிக்கையும் கரைத்து ஒன்றாக்குகிறது. ஒரு நாளாவது தொடாமல் வைக்க வேண்டும்.

அப்புறம் பட்டி. இதில் நான் சூடு கண்டவன். அவசரத்தில் டியூப் பட்டியை ஒரே பூச்சாக அப்பி, வாட்டர் பேப்பர் போட்டு, கறுப்புப் பெயிண்ட் அடித்துப் பளபளவென்று வைத்தேன். மூன்று வாரம் கழித்துத் தூணில் முடி மாதிரி ஒரு கோடு. கரைப்பான் மெதுவாக ஆவியாக ஆக, பட்டி சுருங்கி அமுங்கியிருந்தது. இப்போதெல்லாம் மெல்லிய பூச்சுதான், ஒவ்வொன்றும் காய்ந்த பிறகே அடுத்தது. பள்ளம் ஆழமென்றால் இரண்டு கலவை சேர்த்துப் பிசையும் எபாக்ஸி பட்டி. அது அவ்வளவு சுருங்காது. 400 நம்பர் வாட்டர் பேப்பரில் தொடங்கி 1000 வரை தண்ணீர் தொட்டுத் தேய்த்து, சாம்பல் பிரைமர் அடித்தால் விரலுக்குத் தெரியாத மேடுபள்ளம் கண்ணுக்குத் தெரியும். மறுபடி பட்டி, மறுபடி தேய்ப்பு.

பெட்டியில் வந்த கண்ணாடி இனி பொருந்தாது. அட்டையில் ஒரு அச்சு வெட்டி, அதைத் தெளிந்த அசிடேட் தாளில் வைத்து வெட்டிக்கொள்ளுங்கள். சூப்பர் குளூ மட்டும் வேண்டாம், அதன் ஆவி கண்ணாடியில் வெள்ளையாகப் படிந்துவிடும். மரத்துக்குப் போடும் வெள்ளைப் பசை போதும், குண்டூசி முனையில் தொட்டு.