படத்துக்கும் உண்டு படிக்கும் திசை

எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் படம் விளங்கும் என்பது நம் எல்லாருடைய நம்பிக்கை. ஒற்றைப் படத்துக்கு அது பெரும்பாலும் சரி. ஆனால், “முதலில் இது, பிறகு அது” என்று படங்கள் வரிசையாக நிற்கும்போது, எந்தப் பக்கத்திலிருந்து தொடங்குவது?

நம் நாட்டில் ஒரே தெருவில் இதற்கு வெவ்வேறு விடைகள் கிடைக்கும். தமிழும் ரூமியும் இடமிருந்து வலமாக ஓடுகின்றன. ஜாவி வலமிருந்து இடமாக ஓடுகிறது. பழைய சீனர் கடைகளின் பெயர்ப் பலகைகளையும் வலமிருந்தே படிக்கவேண்டும்.

எழுத்துப் பழகிய கண் படத்தையும் அதே வழியில்தான் பார்க்கிறது. 1991-ஆம் ஆண்டு பார்பரா ட்வெர்ஸ்கி என்ற உளவியலாளரும் இரண்டு துணை ஆய்வாளர்களும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சிறுவர்களிடமும் பெரியவர்களிடமும் காலை உணவு, பகல் உணவு, இரவு உணவு ஆகியவற்றைத் தாளில் ஒட்டிக் காட்டச் சொன்னார்கள். ஆங்கிலம் பேசுவோர் பெரும்பாலும் காலையை இடப்பக்கம் வைத்தார்கள். அரபு பேசுவோர் வலப்பக்கம் வைத்தார்கள். எபிரேய மொழியினர் இரண்டுக்கும் நடுவில் நின்றார்கள். ஆனால், அளவு கூடுவதைக் காட்ட மேல்நோக்கிப் போவது மூவருக்கும் இயல்பாக இருந்தது. பால் கூடக் கூடக் கோப்பையில் மட்டம் உயர்வது எங்கும் ஒன்றுதானே!

தொழில்நுட்பப் படங்களிலும் இதே கதைதான். மின்சுற்றுப் படத்தில் உள்ளே வருவதை இடப்பக்கமும் வெளியே போவதை வலப்பக்கமும் வரைவது உலக வழக்கம். எகிப்து போன்ற நாடுகளிலோ கணக்குச் சமன்பாட்டையே வலமிருந்து எழுதும் மரபு உண்டு. அதே அரபு மொழி வழங்கும் மொராக்கோவில் இடமிருந்து எழுதுகிறார்கள்.

இதனால் நமக்கென்ன என்று கேட்கிறீர்களா? களைக்கொல்லி கலக்கும் இடத்தில் மூன்று படங்கள் ஒட்டியிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்: கையுறை மாட்டுதல், மருந்தை ஊற்றுதல், கை கழுவுதல். வலமிருந்து பார்ப்பவருக்கு அது எப்படித் தெரியும்? கையைக் கழுவு, வெறுங்கையால் ஊற்று, பிறகு கையுறை மாட்டு! வங்காளதேசத்தாரும் நேபாளியரும் நம்மைப் போலவே இடமிருந்து எழுதுகிறவர்கள். உருது படித்த பாகிஸ்தானியர் வலமிருந்து தொடங்கக்கூடும். அது அவர் அறியாமை அன்று. அவர் படித்த எழுத்தின் பழக்கம்.

பரிகாரம் எளிது. ஒவ்வொரு படத்துக்கும் 1, 2, 3 என்று எண் போடவேண்டும். நடுவே அம்புக்குறி வேண்டும். படங்களை மேலிருந்து கீழாக அடுக்கினால் இன்னும் நல்லது; இடமா வலமா என்ற குழப்பமே எழாது. ஒட்டுமுன் வேலை செய்பவரையே அழைத்து, “இது என்ன சொல்கிறது?” என்று கேட்டுப் பார்க்கவேண்டும். அவர் சொல்லும் விடைதான் அந்தப் படத்துக்குப் பரீட்சை.

ஆகவே, மருந்தடிக்கும் சகோதர சகோதரிகளே, எண்ணில்லாத படத்தைக் கண்டால் தண்டலிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்: “ஐயா, இதில் முதல் படம் எது?” கேட்பதற்கு ஒரு நிமிடம் போதும். கையும் கண்ணும் ஆயுள் முழுவதும் வேண்டுமல்லவா?