அறிவும் வயல்வரம்பும்

ஈரம் தப்பி விதைத்த நெல் முளையாது. காலம் தப்பி வந்த விவசாய அறிவும் அத்தகையதே. இதனை நான் வலியுறுத்திக் கூறுவதற்குக் காரணமுண்டு.

2018ஆம் ஆண்டில் நம் நாட்டுச் சோளன் சேனைகளிலே புகுந்த படைப்புழுவை நினைத்துப் பாருங்கள். அமெரிக்கக் கண்டத்தைத் தாயகமாகக் கொண்ட இப்பூச்சி 2016இல் ஆபிரிக்காவிலும், 2018இல் இந்தியாவிலும் காணப்பட்டது. இதன் அந்துப்பூச்சி ஒரே இரவில் 100 கிலோமீற்றர் வரை பறக்கவல்லது. புழுவோ குருத்துக்குள் ஒளிந்துகொள்ளும். பின்னர்த் தெளிக்கும் மருந்து அதனை எளிதில் எட்டாது. தலையிலே தலைகீழான கவட்டை போன்ற கோடும், வாற்புறத்திலே சதுரமாக அமைந்த 4 கரும்புள்ளிகளும் அதன் அடையாளங்கள். இவற்றைக் காட்டும் நிழற்படம் ஒன்று கைத்தொலைபேசியிலே உரிய நாளில் வந்துசேருமாயின் கமக்காரர் விழித்துக்கொள்வர். துண்டுப்பிரசுரம் அச்சாகி வருமட்டும் புழு காத்திராது.

ஆயினும் கருவி மட்டும் போதுமா? போதாது என்பதற்குப் புதுச்சேரி சான்று. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998இல் அங்கே கிராமிய அறிவு நிலையங்களைத் தொடங்கிற்று. வில்லியனூரிலே மைய நிலையம்; அங்கிருந்து ஊர்களுக்குக் கம்பியில்லாத் தொடர்பு. கணனி வந்ததை நான் பெரிதாகக் கருதவில்லை. நிலையத்துக்கு இடத்தை ஊரார் அளிக்கவேண்டும், சாதி பாராது யாவரும் நுழையவேண்டும் என்று வகுத்ததே பெரிது. உள்ளூர்ப் பெண்கள் பலர் முன்வந்து அவற்றை நடத்தினர். விளைபொருள் விலையும் பயிர்நோய்ச் செய்தியும் தமிழிலே கிடைத்தன. மீனவர் ஊராகிய வீராம்பட்டினத்திலே, அமெரிக்கக் கடற்படையின் இணையத்தளம் தந்த அலையுயரச் செய்தி தமிழாகி ஒலிபெருக்கியிலே முழங்கியது. எழுத்தறியாதவரும் கேட்டுப் பயன்பெற்றனர். எங்கோ ஆங்கிலத்திலே கிடந்த செய்தியை ஊரார் செவிக்கு ஏற்றதாக்கிய அம்மனிதர்கள் இல்லையேல் அக்கணனி ஊமைப் பெட்டியாகவே இருந்திருக்கும்.

நம் நாட்டிலும் 1920 என்னும் இலக்கத்தை அழைத்து விவசாயத் திணைக்களத்தின் ஆலோசனையைக் கேட்கலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் கேள்வி கேட்பதற்கும் பொதுவான சொல் வேண்டுமல்லவா? நூல்கள் கபிலநிறத் தத்தி என்று குறிப்பிடும் பூச்சியைக் கமக்காரர் அறக்கொட்டி என்பர். ஒருவர் சொல் மற்றவருக்கு விளங்காவிடின் நோய் ஒன்றாகவும் மருந்து வேறொன்றாகவும் முடியும், நட்டம் கமக்காரருக்கே.

இவ்விருவகைச் சொற்களையும் இணைத்துச் சொல்லகராதி ஆக்குவது ஆசிரியரும் மாணவரும் செய்யத்தக்க தமிழ்ப்பணி என்பேன். ஒவ்வொரு கிராமப் பாடசாலையும் தன் ஊர்ப் பயிர், பூச்சி, களை ஆகியவற்றின் பெயர்களை, முதியோர் குரலிலேயே கைத்தொலைபேசியிற் பதிவுசெய்யலாம். அருகே படத்தையும் சேர்க்கலாம். விவசாயப் போதனாசிரியரைக் கொண்டு சரிபார்க்கலாம். இதற்குப் பெருநிதி வேண்டியதில்லை. வரம்பிலே நடந்து, கமக்காரர் சொல்வதைக் கேட்கும் பொறுமையே வேண்டும். வருகின்ற பெரும்போகத்துக்கு முன்னரே இப்பணியைத் தொடங்கலாம்.