உயர்த்திய ஜிப்ஸியின் ஸ்டியரிங் ஏன் ஆடுகிறது?

வண்டலூர்–கேளம்பாக்கம் சாலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. வேகம் 60ஐத் தாண்டியிருக்கும். இடது சக்கரம் ஒரு சின்னப் பள்ளத்தில் விழுந்து எழுந்தது, அவ்வளவுதான். ஸ்டியரிங் இடமும் வலமுமாக வெறிபிடித்த மாதிரி உதற ஆரம்பித்தது. கையால் பிடித்து நிறுத்த முடியவில்லை. பக்கத்தில் ஒரு பைக், அதில் குழந்தையோடு ஒரு குடும்பம். பிரேக்கில் ஏறி மிதிக்காமல், ஆக்சிலேட்டரை மட்டும் விட்டு, வண்டி 30க்கு இறங்கும்வரை ஸ்டியரிங்கை நேராக வைத்திருந்தேன். உதறல் தானாக நின்றது. ஓரமாக நிறுத்திவிட்டுப் பத்து நிமிஷம் இறங்காமல் உட்கார்ந்திருந்தேன்.

வண்டி செகண்ட் ஹேண்டில் வாங்கிய மாருதி ஜிப்ஸி. முந்தைய உரிமையாளர் முடிச்சூர் பக்கம். 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் அங்கே என்ன செய்தது என்று தாம்பரத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதற்குப் பிறகு வண்டியை உயர்த்தியிருக்கிறார்: நான்கு பக்கமும் நீளமான ஷேக்கிள், பட்டைக் கட்டில் கூடுதலாக ஒரு பிளேட், பெரிய டயர். பார்க்கக் கம்பீரமாகத்தான் இருந்தது.

மாடம்பாக்கத்தைச் சுற்றி மூன்று இடத்தில் காட்டினேன். ஒருவர் வீல் பேலன்ஸ் செய்தார். ஒருவர் டை ராட் எண்ட் மாற்றினார். மூன்றாமவர், "சார், ஸ்டியரிங் டேம்பர் போட்டா சரியாயிடும்" என்று புதுசாக ஒன்றை மாட்டினார். இரண்டு மாதம் நன்றாக ஓடியது. பிறகு அதே உதறல், முன்பைவிட மோசமாக. டேம்பர் ஆட்டத்தை அமுக்கி வைக்கும், ஆட்டத்தின் காரணத்தைத் தொடாது. அதற்குள் உள்ளே இருந்த தேய்மானம் இன்னும் வளர்ந்துவிட்டது.

அதன் பிறகுதான் உட்கார்ந்து படித்தேன், அளந்தேன். அந்தக் குறிப்புகள்தான் இது.

உயர்த்தினால் உண்மையில் எது உயர்கிறது?

ஜிப்ஸியில் முன்னும் பின்னும் முழு ஆக்சில், நான்கு மூலையிலும் பட்டை ஸ்பிரிங். பட்டையை உயர்த்தினால் பாடியும் சேசிஸும் எஞ்சினும் மேலே போகும். ஆக்சில் போகாது. டிஃப்ரன்ஷியல் குண்டு தரையிலிருந்து அதே உயரத்தில்தான் நிற்கும். அதை உயர்த்தப் பெரிய டயரால்தான் முடியும். வெள்ளத்துக்காக உயர்த்துகிறவர்கள் இதை யோசிப்பதில்லை. ஏர் ஃபில்டர் மேலே போயிருக்கும், ஹப்பும் பிரேக்கும் டிஃப்ரன்ஷியலும் தண்ணீரில் அதே ஆழத்தில்தான் மூழ்கும்.

ஷேக்கிள் கணக்கு

முன்பட்டையின் பின் முனை சேசிஸில் நிலையாகப் பொருத்தப்பட்டிருக்கிறது. முன் முனை ஷேக்கிளில் தொங்குகிறது. ஷேக்கிளை 50 மி.மீ. நீளமாக்கினால் முன் முனை மட்டும் 50 மி.மீ. கீழே இறங்கும். ஆக்சில் நடுவில் இருப்பதால் வண்டிக்குக் கிடைக்கும் உயரம் அதில் பாதி, 25 மி.மீ. தான். ஆனால் பட்டை முழுவதும் முன்பக்கமாகச் சாய்கிறது. பட்டையின் நீளம் 900 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் சாய்வு சுமார் 3 டிகிரி. பட்டையோடு ஆக்சிலும் அதே அளவு உருளும்.

இங்கேதான் காஸ்டர் வருகிறது. சைக்கிளின் முன் ஃபோர்க் பின்பக்கம் சாய்ந்திருப்பதால்தான் கையை விட்டாலும் ஓரளவு நேராகப் போகிறது. காரில் கிங் பின்னின் மேல்முனை பின்னால் சாய்ந்திருப்பதற்கும் அதே வேலை. கம்பெனி கொடுத்திருப்பதே சில டிகிரிதான். அதில் 3 டிகிரியை ஷேக்கிள் தின்றுவிட்டால் சக்கரத்துக்கு நேராக நிற்கும் குணம் போய்விடும். கடை ட்ராலியின் சக்கரம் ஒரு வேகத்தில் படபடவென்று ஆடுமே, அதுதான். பெரிய, கனமான டயர் அந்த ஆட்டத்துக்கு இன்னும் பலம் கொடுக்கிறது.

எப்போது ஆடுகிறது என்று முதலில் எழுதுங்கள்

ஸ்பேனரை எடுப்பதற்கு முன்னால் ஒரு வாரம் நோட்டில் குறித்தேன். இது எல்லா உயர்த்திய வண்டிக்கும் பொருந்தும்.

பள்ளத்தில் விழுந்த பிறகு மட்டும் ஆடி, வேகம் குறைந்ததும் நின்றால்: காஸ்டர் குறைவு, அல்லது கிங் பின், புஷ், டை ராட் எண்ட் ஆகியவற்றில் லூஸ். பெரும்பாலும் இரண்டும் சேர்ந்து.

நல்ல ரோட்டிலும் குறிப்பிட்ட வேகத்தில் எப்போதும் அதிர்ந்தால்: டயர் பேலன்ஸ், வளைந்த ரிம். முன் டயரைப் பின்னால் மாற்றிப் பாருங்கள். அதிர்வு இடம் மாறினால் டயர்தான்.

ஆக்சிலேட்டரை அழுத்தும்போதும் விடும்போதும் அதிர்வு மாறினால்: ப்ரொபெல்லர் ஷாஃப்ட். கிராஸ் ஜாயிண்ட் கோணத்தில் சுற்றும்போது ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை வேகம் கூடிக் குறையும். இரு முனையிலும் கோணம் சமமாக இருந்தால் ஒன்றை மற்றொன்று சமன் செய்துவிடும். பின்பக்க ஷேக்கிளை நீட்டினால் ஆக்சில் உருண்டு அந்தச் சமன் கெடுகிறது.

பள்ளத்தில் ஏறி இறங்கும்போது ஸ்டியரிங் தானாக ஒரு பக்கம் இழுத்தால்: ஸ்டியரிங் பாக்ஸிலிருந்து இறங்கும் ட்ராக் லிங்க் செங்குத்தாகிவிட்டது.

லூஸ் பார்க்கும் முறை

இரண்டு பேர் போதும். வண்டி தரையில் நிற்கட்டும். ஒருவர் ஸ்டியரிங்கைச் சின்னதாக இடம் வலம் ஆட்ட, மற்றவர் கீழே ஒவ்வொரு இணைப்பிலும் கை வைத்துப் பார்க்க வேண்டும். அடுத்து ஜாக்கி போட்டு, ஸ்டாண்டில் உட்கார வைத்து, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். லூஸ் தெரிந்தால் ஒருவர் பிரேக்கை மிதிக்கட்டும். லூஸ் மறைந்தால் வீல் பேரிங், மறையாவிட்டால் கிங் பின் பேரிங். எனக்கு மறையவில்லை. கிங் பின் பேரிங்கின் இறுக்கத்தை ஸ்பிரிங் தராசு மாட்டி இழுத்துத்தான் பார்க்க வேண்டும். மூன்று ஒர்க்‌ஷாப்பில் ஒருவரும் அதைச் செய்யவில்லை.

சேசிஸில் ஜாக்கி போட்டு ஆக்சிலை முழுசாகத் தொங்கவிட்டும் பாருங்கள். அப்போது பிரேக் ஹோஸ் விறைப்பாக இருந்தால் அதை முதலில் மாற்றுங்கள். மற்றதெல்லாம் அப்புறம். ஷாக் அப்சார்பர் முழு நீளத்துக்கு இழுபட்டு நின்றாலும் அது வண்டிக்குக் குட்டை என்று அர்த்தம்.

ஆப்பு வைக்கலாமா?

பட்டைக்கும் ஆக்சிலுக்கும் நடுவே இரும்பு ஆப்பு வைத்துக் காஸ்டரைத் திருப்பி எடுக்கலாம். ஆனால் ஆக்சிலைப் பின்னோக்கி உருட்டும்போது பினியன் மூக்கு கீழே போகும், முன் ஷாஃப்ட்டின் கோணம் கூடும். ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று கெடுகிறது. பட்டை கட்டும் பெரியவர் ஒருவரிடம் இதைக் கேட்டேன். "தம்பி, 25 மில்லி உயரத்துக்கு இவ்ளோ வேலையா? பழைய ஷேக்கிளையே போட்டுடுங்க" என்றார்.

அதைத்தான் செய்தேன். பழைய அளவு ஷேக்கிள், புது புஷ், கிங் பின் பேரிங், கூடுதல் பிளேட்டை எடுத்தாயிற்று, கம்பெனி அளவு டயர். கடைசியில் டேம்பரைக் கழற்றிவிட்டு, அதிகாலையில், காலி ரோட்டில், 40ல் ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாக வேகம் கூட்டி அதே மாதிரிப் பள்ளங்களில் ஓட்டினேன். ஆடவில்லை. பிறகு டேம்பரைத் திரும்ப மாட்டினேன்.

மற்ற வண்டிகள்

ஜிம்னியில் காயில் ஸ்பிரிங். அங்கே உயர்த்தினால் ஆக்சிலைக் குறுக்கே பிடிக்கும் கம்பி கோணம் மாறி, ஆக்சிலே ஒரு பக்கம் நகரும். 2020க்கு முந்தைய தார் சிஆர்டிஇயில் முன்னால் டார்ஷன் பார். அதை முறுக்கி உயர்த்தினால் சக்கரம் கீழே தொங்க இடமில்லாமல் போகும், ஜாயிண்ட்டுகள் சீக்கிரம் தேயும். வண்டிக்கு வண்டி பாகம் வேறு. அளக்காமல் பாகம் மாற்றக் கூடாது என்பது எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்.

இன்னும் இரண்டு விஷயம். சக்கர இடைவெளியை ஈர்ப்பு மைய உயரத்தின் இரண்டு மடங்கால் வகுத்தால் வண்டி கவிழாமல் நிற்கும் திறன் தோராயமாகத் தெரியும். 1300 மி.மீ. இடைவெளி, 650 மி.மீ. உயரம் என்றால் 1.0. அந்த உயரம் 100 மி.மீ. கூடினால் 0.87. வளைவில் திடீரென்று ஒடிக்க நேர்ந்தால் அந்த வித்தியாசம் தெரியும்.

மோட்டார் வாகனச் சட்டப் பிரிவு 52ஐ வைத்து, தயாரிப்பாளர் தந்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கேரள வழக்கு ஒன்றில் சொல்லிவிட்டது. விபத்து என்று ஒன்று வந்தால் முதலில் கேட்கப்படும் கேள்வி இதுவாகத்தான் இருக்கும். அந்தப் பைக் குடும்பம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. உயர்த்திய வண்டி வாங்கப் போகிறவர்கள், பேரம் பேசுவதற்கு முன்னால் ஒரு ஜாக்கியும் கூட ஒரு ஆளும் கொண்டு போங்கள்.