காப்பி ஃபில்டரின் அகலம்

சென்ற மாசி மாதத்தில் மணம் முடித்துச் சின்னக் காஞ்சிபுரத்தில் தனிக்குடித்தனம் தொடங்கியிருக்கும் என் அண்ணன் மகன், ஒரகடத்துத் தொழிற்சாலையொன்றில் ஷிப்டு முறையில் வேலை பார்ப்பவன், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து வீட்டுச் சாமான்களின் ஜாபிதாவை என் முன் நீட்டினான். அதில் எல்லாம் தீர்ந்து ஒரே ஒரு வியாஜ்யம் மட்டும் பாக்கி நின்றது. "சித்தப்பா, காப்பிக்கு ஒரு மெஷின் வாங்கிடலாம்னு நான் சொல்றேன். அவ கும்பகோணத்துப் பொண்ணு, பித்தளை ஃபில்டர்தான் வேணும்ங்கிறா. அம்மா, எவர்சில்வரே போதும்ங்கிறாங்க. நீங்கதான் ஒரு வழி சொல்லணும்."

மூவரும் உலோகத்தையும் யந்திரத்தையும் பற்றி வாதிட்டார்களேயொழிய, எத்தனை பேருக்கு என்ற கேள்வியை ஒருவரும் எழுப்பவில்லை. அந்தக் கேள்வியை எழுப்பாமல் நானும் ஒரு காலத்தில் ஏமாந்தவன்தான். விருந்தினர் வந்தால் ஆகுமே என்று, எட்டுப் பேருக்கு டிகாக்ஷன் இறங்கக்கூடிய பெரிய ஃபில்டர் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு, நானும் என் மனைவியுமாக இருவர் மட்டுமே அதில் காப்பி போட்டுக் குடித்துவந்தோம். டிகாக்ஷன் ஒருநாளும் கெட்டியாக இறங்கியதில்லை. பொடியை மாற்றினோம், சிக்கரியைக் கூட்டிக் குறைத்தோம், பாலின்மேல் குறை சொன்னோம். குற்றம் பாத்திரத்தின் அகலத்தில் இருந்தது என்பதை வெகு காலத்துக்குப் பிறகே அறிந்தேன்.

பட்டுக்கும் காப்பிக்கும் காஞ்சியில் ஒரு விசேஷமான தொடர்பு உண்டு. காமகோடி பீடத்தில் பல தசாப்தங்கள் எழுந்தருளியிருந்த சந்திரசேகரேந்திர சரஸ்வதி சுவாமிகள், இவ்விரண்டையும் விட்டுவிடும்படி ஜனங்களுக்கு உபதேசித்துவந்தார். அவர் வாக்கை ஏற்று இன்றளவும் காப்பியைத் தொடாத குடும்பங்கள் இந்நகரில் உண்டு. அவர்கள்பால் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆயினும் தறி நெய்யும் தெருக்களில் பொழுது விடிவது பெரும்பாலும் காப்பியின் வாசனையோடுதான் என்பதால், குடிப்பது என்று ஆனபின் அதைச் செவ்வனே தயாரிப்பது எப்படி என்று ஆராய்வது பிரயோஜனமான காரியமே.

வறுத்து அரைத்த காப்பிப்பொடியில் நீரில் கரையக்கூடிய சத்து ஏறத்தாழ முப்பது சதவிகிதத்துக்கு மேல் இல்லை. அந்த முப்பதையும் முழுவதுமாக வாங்கிவிடுவதும் கூடாது. முதலில் கரைந்து வருவன புளிப்பும் நறுமணமும் தரும் பொருள்கள். அடுத்து வருவது இனிப்பும் கனமும். கடைசியில் வந்து சேருவது நாவை வறட்டும் கசப்பு. அமெரிக்காவில் 1950களில் எர்னஸ்ட் லாக்ஹார்ட் என்ற ரசாயன அறிஞர் இதை அளந்து பார்த்து, பொடியின் எடையில் 18 முதல் 22 சதவிகிதம் வரை கரைந்து வரும்போதே ருசி நிறைவாக இருக்கிறதென்று வகுத்தார். 92 முதல் 96 டிகிரி வரை உஷ்ணமுள்ள நீர், அதாவது கொதித்து இறக்கிச் சற்றே அடங்கிய நீர், இதற்கு உகந்தது. ஆகவே காப்பிச் சாதனம் எதுவாயினும் அது செய்யவேண்டிய வேலை ஒன்றே: வேண்டிய அளவு சத்து கரையும் வரை நீரைப் பொடியோடு இருத்தி, வேண்டாதது கரையத் தொடங்குமுன் பிரித்துவிடுவது.

நம் ஃபில்டர் இவ்வேலையை மின்சாரமும் நெருப்பும் இன்றி, பூமியின் ஈர்ப்பு ஒன்றைக்கொண்டே செய்துவிடுகிறது. துளையிட்ட அடிப்பாகம் கொண்ட மேலடுக்கு, டிகாக்ஷனை ஏந்தும் கீழடுக்கு, காம்பு வைத்த துளைத்தட்டு, ஒரு மூடி என்ற இந்த நான்கு உறுப்புகளுக்குள் அடங்கியிருக்கும் பௌதிகம் லேசானதன்று. பீரங்கிக் குழாயைக் குடையும்போது எழும் உஷ்ணத்தைக் கண்டு, உஷ்ணம் என்பது ஒருவகை இயக்கமே என்று 1798இல் வாதிட்ட ரம்ஃபோர்டு பிரபு, 1812இல் காப்பியைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். கொதிக்கவிட்டால் வாசனை போய்விடும், சொட்டு வடித்தலே சிறந்தது என்று நிறுவியதோடு நில்லாமல், பொடிப்படுகையின் கனம் எவ்வளவு இருக்கவேண்டும், இத்தனை கோப்பைக்கு இன்ன அகலமுள்ள வடிகட்டி என்பதையெல்லாம் அவர் அதில் ஆராய்ந்திருக்கிறார். அவர் அனுபவத்தால் கண்டதற்குக் கணித நியதி கிடைத்தது 1856இல். பிரான்ஸ் தேசத்துத் திஜோன் நகரின் குடிநீர் விநியோகத்தை அமைத்த ஹென்றி தார்சி என்ற பொறியியலாளர், மணல் படுகைக்குள் நீர் இறங்கும் வேகத்தைப் பரிசோதித்து, அது படுகையின் பரப்புக்கும் நீரின் அழுத்தத்துக்கும் ஏற்பக் கூடும், படுகையின் கனத்துக்கு ஏற்பக் குறையும் என்று கண்டார்.

இந்த நியதியை என் பழைய ஃபில்டருக்குப் பொருத்திப் பாருங்கள். இருவருக்கு வேண்டிய 20 கிராம் பொடி சுமார் 50 கன சென்டிமீட்டர் இடம் அடைக்கும். 5 சென்டிமீட்டர் விட்டமுள்ள மேலடுக்கில் அதை இட்டால் படுகையின் கனம் இரண்டரை சென்டிமீட்டர். 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள மேலடுக்கில் அதே பொடி அரை சென்டிமீட்டருக்குச் சற்றே மிகுதியாகப் பரவிக் கிடக்கும். விட்டம் இரட்டித்தால் பரப்பு நான்கு மடங்காகிறது. ஊற்றும் நீரின் உயரமும் பொடியின் கனமும் ஒரே விகிதத்தில், கால் பங்காகக் குறைவதால் அவை ஒன்றையொன்று ஈடுசெய்துவிடுகின்றன. மிஞ்சுவது பரப்பின் வித்தியாசம் மட்டுமே. ஆகையால் சிறிய ஃபில்டரில் பதினாறு நிமிஷம் நின்று இறங்கவேண்டிய நீர், பெரியதில் நான்கு நிமிஷத்தில் ஓடிவிடும். அதில் கரையவேண்டிய சத்து பொடியிலேயே தங்கிவிடும். எத்தனை உயர்ந்த பீபெரி வாங்கி வறுத்து அரைத்தாலும் இந்தக் குறைக்குப் பரிகாரம் இல்லை.

இதைக் காகிதத்தில் கணக்கிட்டு அறிவதற்கு முன்பே கையால் அறிந்தவர்கள் உண்டு. பிள்ளையார்பாளையத்தில் எனக்குப் பழக்கமான நெசவுக் குடும்பம் ஒன்றில், எழுபது வயதைக் கடந்த ஒரு மூதாட்டி காப்பி இறக்குவதை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். கூடத்தில் குழித்தறி, அதில் மகன் கோர்வைப் புடவை நெய்துகொண்டிருக்க, கரை நாடாவை வீசித் தரும் சிறுவன் அருகில் நின்றான். அந்த அம்மாள் வெந்நீரை முதலில் வெறும் ஃபில்டரில் ஊற்றிக் கொட்டினார். பிறகு பொடியை இட்டு, பக்கவாட்டில் இரண்டு முறை தட்டிச் சமன் செய்து, துளைத்தட்டை மெல்ல மேலே வைத்தார். ஒரு கரண்டி வெந்நீரை மட்டும் சுற்றிலும் விட்டு அரை நிமிஷம் பொறுத்தார். பொடி உப்பி, சிறு சிறு குமிழிகள் விட்டு அடங்கியது. அதன் பிறகே மிச்ச நீரை ஊற்றி மூடினார். நான் தட்டை இன்னும் கொஞ்சம் அழுத்தலாமே என்றேன். "வேணாம் தம்பி, அழுத்துனா அடைச்சுக்கும். ஊடைக்கு அடி ஒண்ணு போல விழலன்னா புடவையில காட்டிக் கொடுத்துடும் பாரு, பொடியும் அப்படித்தான்," என்றார்.

அவர் செய்த ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. கனத்த பித்தளை, ஊற்றிய நீரின் உஷ்ணத்தைத் தான் வாங்கிக்கொள்ளும். ஆகவேதான் முதலில் வெந்நீர் விட்டுச் சூடாக்கினார். புதிதாக வறுத்த கொட்டைக்குள் கரியமில வாயு அடைபட்டிருக்கும். அது வெளியேற அவகாசம் கொடாமல் நீர் முழுவதையும் ஊற்றினால், வாயு நீரைப் பொடிக்குள் புகவிடாமல் தடுக்கும். படுகை ஓரிடத்தில் தளர்ந்தும் ஓரிடத்தில் இறுகியும் இருந்தாலோ, நீர் தளர்ந்த வழியைத் தேடி வாய்க்கால் வெட்டிக்கொண்டு ஓடிவிடும். அவ்வழியிலுள்ள பொடி அளவுக்கு மேல் கசந்துபோக, மற்றது நனைந்ததோடு நிற்கும்.

சிக்கரியைப் பற்றியும் ஒரு வார்த்தை. இது வறுத்துப் பொடித்த ஒரு வகைக் கிழங்குவேர். கஃபீன் அறவே கிடையாது. காப்பியைவிட மிகுதியாகக் கரைவதால் நிறமும் கனமும் தருகிறது; நீரில் ஊறிப் பருத்து இறக்கத்தைத் தாமதப்படுத்துகிறது. நம் நாட்டுச் சட்டம் கலவையில் 49 சதவிகிதம் வரை அதை அனுமதிக்கிறது; இருபதுக்கு மேல் சேர்ப்பது வீண் என்பது என் அபிப்பிராயம்.

இனி உலோகம். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்தது. காப்பியோ லேசான அமிலம். ஆகவே பித்தளை ஃபில்டரின் உட்புறம் ஈயம் பூசியிருக்கவேண்டும். ஈயம் என்று பேச்சில் சொன்னாலும் அது வெள்ளீயம். காரீயம் கலந்த பூச்சு விஷம். இங்கே இல்லத்தரசிகள் அவசியம் அறியவேண்டிய விஷயம் ஒன்றிருக்கிறது. துளைகள் அடைத்துக்கொண்டால் மேலடுக்கை அடுப்புச் சுவாலையில் காட்டித் தட்டுவது பல வீடுகளில் வழக்கம். எவர்சில்வருக்கு அதனால் கெடுதி இல்லை. வெள்ளீயமோ 232 டிகிரியிலேயே உருகிவிடும். அடுப்புச் சுவாலை அதைப் பன்மடங்கு மிஞ்சியது. ஒரே ஒரு முறை காட்டினாலும் பூச்சு உருகித் திரண்டு பித்தளை வெளிப்பட்டுவிடும். பூச்சுத் தேய்ந்தால் திரும்பப் பூசுவிக்க ஆள் கிடைக்கிற ஊரில் மட்டுமே பித்தளை உத்தமம். எவர்சில்வரில் இந்தக் கவலை இல்லை. அதிலுள்ள குரோமியம் காற்றோடு சேர்ந்து தானே ஒரு மெல்லிய கவசத்தைப் பூண்டுகொள்ளும். ருசியில் இரண்டுக்கும் வித்தியாசம் உண்டென்று வாதிடுவோர் உண்டு. அகலமும் உஷ்ணமும் ஒத்திருந்தால் நான் அந்த வித்தியாசத்தைக் கண்டதில்லை.

யந்திரங்களில், மின்சாரத்தால் சொட்டுச் சொட்டாக வடிப்பது பால் சேர்க்காமல் நிறையக் குடிப்பவர்களுக்கு ஏற்பட்டது. அது தரும் நீர்த்த காப்பியில் நம்மவர் பாலை ஊற்றினால் இரண்டும் கெடும். அன்றியும் அதன் சூட்டுத்தட்டில் நெடுநேரம் வைத்த டிகாக்ஷனில் அமிலங்கள் சிதைந்து புளிப்பேறும். பீச்சி எடுக்கும் எஸ்பிரெஸோ யந்திரம், வாயுமண்டலத்தின் அழுத்தத்தைப்போல் ஒன்பது மடங்கால் இயங்குவது. ஆரம்பக் குடித்தனத்துக்கு அதன் விலையும் பராமரிப்பும் தாளா. இத்தாலியில் 1933இல் பியலெத்தி என்பவர் கொண்டுவந்த மோக்கா பாத்திரம் ஒன்றே நம் ஃபில்டருக்கு நெருங்கிய உறவு. அடியில் கொதிக்கும் நீரை ஆவியே பொடியினூடே மேலே தள்ளும். ஐந்து நிமிஷத்தில் கெட்டியான டிகாக்ஷன் கிடைக்கும். தீயை அடக்கி வைக்கத் தெரியாவிட்டால் கசந்துபோகும்.

எந்தச் சாதனமானாலும் நீரைக் கவனிக்கவேண்டும். பாலாற்று நீரே பட்டுக்குப் பளபளப்புத் தருகிறது என்பது இவ்வூரில் தலைமுறை தலைமுறையாக வரும் நம்பிக்கை. பச்சைப் பட்டின்மேல் அதன் எடையில் நாலில் ஒரு பங்கு வரை பசை உண்டு. அதைச் சவர்க்கார நீரில் அவித்து நீக்கும்போது நீர் கடினமாக இருந்தால் சவர்க்காரம் திரிந்து நூலில் படியும் என்பதால், சாயம் தோய்ப்பவர் நீரைச் சோதியாமல் கொப்பரையில் இறக்கமாட்டார். ஆழ்குழாய்க் கிணற்றின் உப்பு மிகுந்த நீர் காப்பியின் இனிய புளிப்பை அடித்துவிடும். யந்திரமானால் அதன் சூடேற்றும் குழாயில் சுண்ணாம்பும் படியும். சாயக்காரர் காட்டும் கவனத்தில் பாதி காட்டினாலும் நம் காப்பி நேராகிவிடும்.

"இருபது நிமிஷம் காத்திருக்க ஷிப்டுக்காரனுக்கு ஏது சித்தப்பா நேரம்?" என்று கேட்டான் பையன். ஃபில்டருக்கு வேண்டியது அவன் கையின் இரண்டு நிமிஷமே. குளித்துவிட்டு வருவதற்குள் மிச்சத்தை அது தானே பார்த்துக்கொள்ளும் என்றேன். அன்று மாலையே பாத்திரக்கடைக்குப் போனோம். தினப்படிக்கு 5 சென்டிமீட்டர் விட்டமுள்ள எவர்சில்வர் ஃபில்டர் ஒன்றும், வைகாசியில் வரதராஜப் பெருமாள் கருட சேவைக்கு உறவினர் வந்து நிறையும்போது எடுப்பதற்காக, மருமகளின் ஆசைப்படியே 10 சென்டிமீட்டரில் ஒரு பித்தளை ஃபில்டரும் வாங்கினோம்.

இருவருக்கு 5 சென்டிமீட்டர், மூவருக்கு 6, நால்வருக்கு 7, எண்மருக்கு 10. கடைக்குப் போகும் அன்பர்கள் இவ்வளவையும் ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்துக்கொண்டு, ஓர் அளவுகோலையும் கையோடு எடுத்துச் சென்று, மேலடுக்கின் உள்விட்டத்தை அளந்து பார்த்து வாங்குங்கள்.