கதவு திறவாத வீட்டின் கணக்கு

மக்களின் பிரயாணத்தை அறிய வீடு வீடாகச் செல்வோருக்கு வேடிக்கையானதோர் இடையூறு நேர்கிறது. ஓயாது பிரயாணஞ் செய்பவர் பெரும்பாலும் வீட்டில் அகப்படார். அகப்படுபவரோ அதிகம் பிரயாணஞ் செய்யார்!

பிரித்தானியாவில் 1965 இல் தொடங்கிய தேசியப் பிரயாண ஆய்வு 1988 முதல் ஆண்டுதோறும் நடைபெறுகிறது; 2013 முதல் இங்கிலாந்துக்கு மாத்திரம் உரியதாயிற்று. தெரிந்தெடுத்த குடும்பத்தினர் 7 நாட்களின் பிரயாணங்களைக் குறித்துக் கொடுப்பர். எல்லோரும் இணங்குவதில்லை, ஆதலால் கிடைத்த விடைகளுக்கு ‘நிறை’ அளிக்கின்றனர்.

உதாரணமொன்று பார்ப்போம். ஒரு நகரில் 100 வீடுகளுக்கு 40 வீடுகளில் தனியாட்கள் வாழ்வதாகக் கொள்வோம். ஆய்வுக்குக் கிடைத்த 100 விடைகளிலோ அவர்களுடையவை 20 மாத்திரமே. அவை ஒவ்வொன்றையும் 2 ஆகவும், மற்றைய 80 விடைகளை ஒவ்வொன்றும் 0.75 ஆகவும் எண்ணினால், நகரின் உண்மையான விகிதம் 40க்கு 60 என அமைந்துவிடும்.

ஏழாம் நாளை நெருங்குகையில் சலிப்புற்றுச் சில பிரயாணங்களை எழுதாது விடுவோரும் உளர். அக்குறைக்கும் நிறையுண்டு.

எனினும், நிறை மந்திரக்கோலன்று. ஒரு பகுதியாரிடமிருந்து ஒரு விடையேனும் வராவிடின் எதைப் பெருக்குவது? பூச்சியத்தை எதனாற் பெருக்கினும் பூச்சியமே. பாதையும் பஸ் வண்டியும் எங்கே வேண்டுமெனத் தீர்மானிக்க இத்தகைய கணக்குகளே உதவுகின்றன. கணக்கில் வாராதவர் தெருவோரத்திற் காத்துநிற்பதை யார் அறிவார்?